திறப்பதும் மூடுவதும் மட்டுமா வனக்கொள்கை?

2024ஆம் ஆண்டு குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையில் குமார பர்வதத்தின் அடிவாரத்தில் எடுக்கப்பட்ட படங்கள் நாடெங்கும் பரவின. ஒருவர் பின் ஒருவராக நடக்கவேண்டிய மலைப்பாதையின் வாயிலில் ஆயிரக்கணக்கானோர் தேரோடும் வீதியில் நிற்பதுபோல் நெருக்கியடித்து நின்றனர். 1,712 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் குடகு மாவட்டத்துப் புஷ்பகிரி வனவிலங்குப் புகலிடத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு முருகனடியார் பலரும் அறிந்த குக்கே சுப்பிரமணியர் கோயில் அதன் மேற்கு அடிவாரத்தில் இருக்கிறது. படங்கள் எழுப்பிய அதிர்ச்சியைத் தொடர்ந்து, இணையவழி முன்பதிவு இல்லாத பாதைகளில் மலையேற்றத்தை நிறுத்திவைக்கக் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈசுவர் கண்ட்ரே ஆணையிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் ‘அரண்ய விஹாரா’ எனும் முன்பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. பாதை ஒன்றுக்கு நாளொன்றில் 300 பேர் என்பது அதன் உச்சவரம்பு.

வரவேற்கத்தக்க நடவடிக்கைதான். எனினும் 300 என்னும் எண் எவ்வாறு பெறப்பட்டது? வெயில் காயும் புல்வெளி முகட்டில் ஏறும் பாதைக்கும், பகலிலும் இருள் கவிந்த பசுமைமாறாக் காட்டை ஊடறுக்கும் பாதைக்கும் ஒரே எண் பொருந்துமா? 2025 நவம்பரில் மைசூரு மாவட்டம் சரகூர் வட்டத்தில் அடுத்தடுத்துப் புலி தாக்கி மக்கள் மாண்டபோது, நாகரகொளெ, பந்திப்பூர் ஆகிய இரு புலிகள் காப்பகங்களிலும் வாகன உலாவும் மலையேற்றமும் நிறுத்தப்பட்டன. உயிர்கள் பறிபோன வேளையில் அரசு அவ்வாறு ஆணையிட்டதைக் குறைகூற மாட்டோம். ஆனால் வனவாயிலைத் திறப்பது, நெருக்கடி நேர்ந்தால் மூடுவது என்ற இவ்விரண்டு செயல்களுக்கு இடையே வேறொன்றுமே இல்லையா? உள்ளே நுழைந்தவர் எதை அறிய வேண்டும், யாரிடம் அறிய வேண்டும், எக்காலத்தில் எவ்விடத்தை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பன பற்றிய பேச்சு அரிதாகவே காதில் விழுகிறது.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். மைசூருவில் தங்கி மழைக்காடு காணப் புறப்படும் பயணிகளுள் பலர் கபினிக்கரைக்கோ பந்திப்பூருக்கோ செல்கின்றனர். யானையும் புலியும் உலவும் சிறந்த காடுகள் அவை. ஆயினும் பெரும்பகுதி இலையுதிர் காடுகளே. மைசூருவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மேற்கே 120 கிலோமீட்டர் சென்றால் மடிக்கேரியில் அது 3,000 மில்லிமீட்டரைக் கடக்கிறது. மலைமுகட்டை நெருங்குந்தோறும் இன்னும் மிகுகிறது. மெய்யான மழைக்காடு அம்முகட்டிலும் அதன் மேற்குச் சரிவிலும் உள்ளது. பிரம்மகிரி, தலைக்காவிரி, புஷ்பகிரி ஆகிய மூன்று புகலிடங்களும் அதனைத் தாங்கி நிற்கின்றன. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளுள் இம்மூன்றும் அடங்கும்.

அக்காட்டின் வளம் பெரும்பாலும் மண்ணில் இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். ஓயாத மழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சியது மரங்களின் உடலிலும் தரையில் படிந்த சருகிலும் தங்கியிருக்கிறது. விழுந்த இலையைப் பூஞ்சையும் கறையானும் சில மாதங்களில் சிதைக்க, மேலோட்டமாகப் பரவிய வேர்கள் அந்தச் சத்தை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. ஒரு சாண் ஆழம்கூட இல்லாத அச்சருகுப் படுகைதான் அக்காட்டின் கருவூலம். பாதையை விட்டு விலகி ஆயிரம் கால்கள் மிதித்தால் அது கெட்டிப்படும்; அடுத்த பருவமழையில் நீர் உட்புகாமல் ஓடி வாய்க்கால் பறிக்கும். மேற்கூரையில் பிளவு விழுந்தால் வெயில் தரையைத் தொடும். நிழலில் மட்டுமே முளைக்கும் கன்றுகள் கருக, உண்ணிச்செடி போன்ற களைகள் குடியேறும்.

இனி இருவாட்சிப் பறவையைப் பார்ப்போம். பெரிய இருவாட்சி ஏறக்குறைய ஜனவரியில் முதுமரத்துப் பொந்தில் கூடு கொள்கிறது. பெட்டை உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு, அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவை மட்டும் விட்டுவைக்கிறது. அடைகாக்கும் காலத்தில் அதன் பறக்கும் சிறகுகள் உதிர்ந்துவிடுகின்றன. தாய்க்கும் குஞ்சுக்கும் அப்பிளவின் வழியே பழம் ஊட்டும் பொறுப்பு ஆணுடையது. மரத்தடியில் ஆள்நடமாட்டமும் கூச்சலும் இருந்தால் அது கூட்டை அண்டத் தயங்குகிறது. நீண்டநேரம் தயங்கினால் உள்ளே பட்டினி. காட்டு ஜாதிக்காய், கருங்குங்கிலியம் போன்ற மரங்களின் பெரிய வித்துகளை விழுங்கித் தொலைவில் கொண்டுபோய் உமிழவல்ல பறவைகள் சிலவே; அவற்றுள் இருவாட்சி தலையாயது. மழைக்காட்டு வித்துகள் பல, நெல்லைப்போலச் சேமித்துவைக்க இயலாதவை. உலர்ந்தால் சில வாரங்களில் உயிர்ப்பை இழந்துவிடும். ஆகவே ஓர் ஆண்டு இருவாட்சி குஞ்சு பொரிக்காமற்போவது ஒரு பறவையோடு முடியும் இழப்பன்று.

வானம் தெளிந்து, அட்டை ஒழிந்து, குளிர் இதமாக இருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம்தான் நம் மலையேற்றப் பருவம். இருவாட்சி பொந்தில் அடைபட்டிருப்பதும் அதே காலம். புல்வெளிகள் காய்ந்து ஒரு பொறிக்குக் காத்திருப்பதும் அதே காலம். பயணிக்கு வசதியான மாதமே காட்டுக்கு இடர்மிக்க மாதம் என்றால், நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற கேள்விக்கு முன் எந்த மாதத்தில் எந்தப் பாதை என்ற கேள்வி எழவேண்டும். கூட்டுமரங்கள் உள்ள பாதையைப் பொரிப்புக் காலத்தில் விட்டு விலகி, வேறு பாதையைத் திறக்கலாம். மழை தொடங்கும் வேளையில் தவளைகள் முட்டையிடும் ஓடைப்பாதைகளுக்கு ஓய்வு தரலாம். ஓராண்டுக் காலம் கண்ணூன்றிப் பார்த்துக் குறித்துவைத்தால் கிடைக்கக்கூடிய அறிவுதான் இது.

காட்டை வேடிக்கைப் பொருளாக்குவது மைசூருவுக்குப் புதிதன்று. 1870களில் சாண்டர்சன் என்னும் ஆங்கில அலுவலர் மைசூர் அரசுக்காகத் தொடங்கிய ‘கெட்டா’ எனும் யானைப்பிடி முறை பின்னாளில் காக்கனகோட்டையில் பெருங்காட்சியாக வளர்ந்தது. அரசப்பிரதிநிதிகளும் அயல்நாட்டு விருந்தினரும் மேடையில் அமர்ந்திருக்க, யானைக்கூட்டம் கபினியாற்றில் இறக்கி விரட்டப்பட்டது. 1971இல்தான் அது ஓய்ந்தது. யானையின் போக்கறிந்து அதனை வளைத்தவர்களுள் ஜேனு குருபப் பழங்குடியினர் முன்னின்றனர். விருந்தினர் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. பின்னர் எழுந்த கபினி அணையும் தேசியப் பூங்காவும் அம்மக்களுட் பலரைக் காட்டைவிட்டு அகற்றின. 1990களில் நாகரகொளெ காட்டுக்குள் விடுதி நடத்தத் தனியார் நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகை தரப்பட்டபோது எதிர்த்துக் கிளர்ந்தவர்களும் அவர்களே. வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அக்குத்தகை முரணானது என்று 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே மாதம் 52 ஜேனு குருபக் குடும்பங்கள் நாகரகொளெக்குள் கரடிகல்லு அத்தூரு கொல்லி என்னும் தம் மூதாதையர் இடத்துக்குத் திரும்பி, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி உரிமை கோரின. சீட்டு வாங்கியவர் காட்டுக்குள் போகலாம். அங்கே பிறந்தவர் ஆவணம் காட்ட வேண்டும். இம்முரணை எந்தச் சுற்றுலாக் கையேடும் அச்சிடுவதில்லை.

சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் மலைவளம் காணத்தான் புறப்படுகிறான். பேரியாற்று மணற்கரையில் தங்கிய மன்னனிடம் குன்றக்குறவர் வந்து, வேங்கை மரநிழலில் தாம் கண்ட பெண்ணைப் பற்றிக் கூறுகின்றனர். அச்செய்தியை மன்னனிடம் முதலில் கொண்டுவந்தவர்கள் அவர்களே. மலையை அறிந்தவர் யார் என்பதில் இளங்கோவடிகளுக்கு ஐயமில்லை. நமக்கு இருப்பது ஏன்?

பிலிகிரி ரங்கமலையின் சோலிகப் பழங்குடியினரை எடுத்துக்கொள்வோம். கோடையின் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சிறு தீயை அவர்கள் ‘தரகு பெங்கி’ என்பர். காடு 1970களில் புகலிடமாக அறிவிக்கப்பட்டபின் அவ்வழக்கம் தடுக்கப்பட்டது. அத்தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்றும், மரங்களில் புல்லுருவி பெருகியது என்றும் சோலிகர் முதியோர் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். பின்னாளில் ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து அவ்வறிவைப் பதிவுசெய்து அறிவியல் ஏடுகளில் வெளியிட்டனர். இலையுதிர் காட்டுக்குப் பொருந்தும் இத்தீ மழைக்காட்டுக்கு நஞ்சு என்பதையும் அங்கே வாழ்பவரே வேறுபடுத்திச் சொல்லவல்லார். 2011இல் அம்மலையில் சோலிகர்களுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றில் அவ்வுரிமை ஏற்கப்பட்டது நாட்டில் அதுவே முதன்முறை. உரிமை பெற்ற குடிகள் வழிகாட்டியாக முன்னே நடக்கும் பயணத்துக்கும், நகரத்து முகவர் ஒருவர் கைப்பேசி வரைபடத்தை நம்பி நடத்தும் பயணத்துக்கும் உள்ள தொலைவு சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் படிப்பினை வேறு வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பற்றிய தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்து 23 உயிர்களைக் குடித்தது. அதன்பின் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கியது. பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து வழிகாட்டிகளாக அமர்த்துவது அதன் சிறப்புக்கூறு. தீக்காலத்தில் பாதைகளை மூடும் வழக்கமும் உண்டு. பேரிழப்புக்குப் பிறகு வந்த அறிவு இது. கர்நாடகம் அவ்விலையைக் கொடுக்காமலே இதனைப் பெறமுடியும்.

அண்டை மாநிலத்துக் காட்டைப் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். பிரம்மகிரியில் பிறக்கும் லட்சுமண தீர்த்தம் கிருஷ்ணராஜசாகரத்தில் காவிரியோடு கலக்கிறது. வயநாட்டு மழை கபினியாக இறங்குகிறது. மேட்டூரின் நீர்மட்டத்தை நாள்தோறும் நாளிதழில் பார்க்கும் டெல்டா உழவருக்கு அம்முகட்டுச் சோலைகள் அயலார் சொத்தல்ல. மழையை ஏந்தி, கோடைவரை சிறுகச் சிறுக விடும் பணியை அவை செய்கின்றன. ஆற்றுநீர்ப் பங்கீட்டுக்காக நூறாண்டாக வழக்காடும் இரு மாநிலங்களும் ஆற்றின் பிறப்பிடத்துக் காட்டுக்காக ஒருமுறையேனும் ஒன்றாக அமர்ந்து பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் சூழலியல் கூருணர்வுப் பகுதிகளை வரையறுக்கும் கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையைக் கர்நாடக அமைச்சரவை 2024 செப்டம்பரில் நிராகரித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வயநாட்டு முண்டக்கை, சூரல்மலைச் சரிவுகளில் இருநூறுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் புதைந்து மாண்டனர். 2018இல் குடகின் மலைகளும் சரிந்தவையே. மலையேற்றப் பயணி தங்குவதற்கென்று சரிவை வெட்டி எழுப்பும் விடுதிகளின் கணக்கு எந்த முன்பதிவுச் சீட்டிலும் ஏறுவதில்லை. 300 பேர் என்ற வரம்பு காட்டுவாயிலில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இவ்விரு மாநிலங்களையும் இணைக்கும் நல்லதொரு முன்மாதிரி மைசூருவிலேயே உள்ளது. 1996இல் அங்கே தொடங்கப்பட்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வமைப்பு, ஆனைமலையின் வால்பாறைப் பீடபூமியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிதைந்த மழைக்காட்டை மீட்டுவருகிறது. திவ்யா முத்தப்பாவும் டி. ஆர். சங்கர் ராமனும் முன்னின்று நடத்தும் அப்பணியில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய காட்டுத் துண்டுகளில் களை அகற்றி, நூற்றுக்கு மேற்பட்ட இயல்மர வகைகளின் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுகின்றனர். சாலையைக் கடக்கும் சோலைமந்திகள் வண்டியில் அடிபடாதிருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப்பாலம் கட்டப்பட்டது. வெட்ட ஒரு நாள் போதுமான காட்டை மீட்க ஒரு தலைமுறை போதவில்லை என்பதை அங்கே நேரில் காணலாம். மழைக்காட்டுக்குச் செல்ல விழைவோர் சிகரத்துக்கு முன் இத்தகைய நாற்றங்கால் ஒன்றைக் காண்பது நன்று.

பயணிகளுக்கும் ஒரு சொல். மழைக்காட்டில் புலி எதிர்ப்படும் என்று எண்ணிச் செல்வோர் ஏமாறுவர். அது கண்ணைவிடக் காதுக்கு மிகுதியாகத் தரும் காடு. ஒலிபெருக்கியைக் கையில் ஏந்தி மலையேறுவோர் எதைக் கேட்க அங்கே போகிறார்கள் என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை. காலை மூன்று மணிநேரத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்து, பத்து மரங்களின் பெயரை வழிகாட்டியின் மொழியில் அறிந்து திரும்புவது வெற்றிகரமான பயணம் என்று கருதும் மனநிலை வந்தால், குமார பர்வதத்தின் உச்சியில் இடம்பிடிக்கும் போட்டி தானே தணியும்.

அடுத்த பருவத்துக்கான முன்பதிவு தொடங்குமுன் கர்நாடக வனத்துறை சிலவற்றை வெளியிட வேண்டும் என்று கோருகிறோம். பாதை ஒவ்வொன்றுக்கும் உரிய உச்சவரம்பும் அதனை முடிவுசெய்த அடிப்படையும். கூட்டுமரக் கணக்கெடுப்பைத் தழுவிய ஓய்வுக்காலம். குழுவோடு செல்லும் ஜேனு குருபர், சோலிகர், எரவர் முதலிய குடிகளைச் சேர்ந்த வழிகாட்டிகளின் எண்ணிக்கை. சீட்டுக் கட்டணத்தில் அவர்தம் கிராம சபைக்குச் சேரும் பங்கு. கன்னடத்தோடு தமிழிலும் மலையாளத்திலும் இவை வெளிவரட்டும். அம்மலைகளுக்கு வார இறுதியில் வண்டியேறுவோரில் அம்மொழிகளைப் பேசுவோரும் உண்டு.