குமரிக்கண்டமும் பக்கத்து ஊர் கொடுமணலும்

மறுபடியும் லெமூரியா ஜல்லி ஆரம்பிச்சாச்சு. ஏனுங்க மக்களே, அந்தப் பேரை 1864-ல் வச்சது ஸ்கிளேட்டர்ங்கிற ஆங்கிலேய விலங்கியலாளர். மடகாஸ்கர்ல லெமூர், இந்தியாவுல அதோட சொந்தக்காரன் தேவாங்கு, நடுவுல கடல். அப்ப ஒரு கண்டம் மூழ்கியிருக்கணும்னு ஊகிச்சார், அவ்வளவுதான். தமிழன் அந்தக் கதையிலேயே இல்லை! 1960களில் கண்டத்தட்டு நகர்வு உறுதியானதும் அந்த ஊகத்துக்கும் வேலை போச்சு.

கடல் நிலத்தைத் தின்னது நிஜம்தான். சுமார் 20,000 வருசத்துக்கு முன்னால கடல்மட்டம் 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். பனி உருகி முழுகினது கரையோரம், கண்டமில்லை. நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி'ன்னு தமிழிலேயே புத்தகம் போட்டிருக்கார். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காம, கேள்வி கேட்டா தமிழ்த்துரோகிங்கறது எந்த ஊர் நியாயம்?

எங்க பெருந்துறையிலிருந்து பைக்கை எடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தின் கொடுமணம் இதுதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1985-லிருந்து தோண்டினதில் தமிழி எழுத்துப் பொறிச்ச பானை ஓடு, கல்மணிப் பட்டறை, இரும்பு உலைன்னு வந்துட்டே இருக்கு. இதுக்கு எத்தனை பேர் பதிவு போட்டீங்க? அடுத்த லெமூரியா பதிவுக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க சாமி.