கதவைத் தொட்டா 'சுளீர்'... ஃபிரிட்ஜைத் தொட்டாலுமா? ரெண்டும் ஒண்ணு இல்ல மக்களே!

போர்வையை உதறிட்டு எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொடுறீங்க. 'டிக்'னு ஒரு சத்தம், விரல் நுனியில சுளீர்னு ஒரு குத்து! டெல்லி குளிர்லயும், பெங்களூரின் பிப்ரவரி, மார்ச் வறட்சியிலயும் இருக்கிற நம்ம பசங்களுக்கு இது தினசரி அனுபவம்.

இதுக்குப் பேர் ஸ்டேட்டிக் ஷாக். பாலியஸ்டர் போர்வை, கம்பளி, பிளாஸ்டிக் நாற்காலி இதெல்லாம் உடம்போடு உரசும்போது நம்மகிட்ட மின்னூட்டம் சேரும். காற்றில் ஈரம் இருந்தால் அது மெதுவாகக் கசிந்துவிடும். வறண்ட காற்றில் தேங்கி நிற்கும். உலோகத்தைத் தொட்டதும் மொத்தமும் ஒரே நொடியில் பாயும்.

கேட்டால் ஆச்சர்யப்படுவீங்க... சில ஆயிரம் வோல்ட் சேர்ந்தால்தான் இந்தக் குத்தே நமக்குத் தெரியும். வீட்டு கரன்ட் வெறும் 230 வோல்ட். ஆனா, ஆளைக் கொல்வது அந்த 230தான். ஸ்டேட்டிக்கில் இருப்பது துளியூண்டு மின்னூட்டம், பாய்ந்ததுமே தீர்ந்துவிடும். வீட்டு கரன்ட் விடாமல் வந்துகொண்டே இருக்கும்.

தப்பிக்க என்ன வழி?

* கைப்பிடியை விரலால் தொடும் முன், கையில் இறுக்கிப் பிடித்த சாவியால் தொடுங்க. பொறி சாவியில் பாயும், விரல் வலிக்காது.
* நாற்காலியில் இருந்து எழும்போதே அதன் உலோகப் பகுதியைப் பிடிச்சுக்கோங்க.
* பாலியஸ்டருக்குப் பதில் பருத்தி. ரப்பர் செருப்புக்குப் பதில் வெறுங்கால்.
* கை வறண்டிருந்தால் மாய்ஸ்சரைசர் தடவுங்க. துவைத்த துணியை அறைக்குள்ளேயே காயப் போட்டால் காற்றில் ஈரம் ஏறும்.

ஆன்லைனில் விற்கிற 'வயர் இல்லாத ஆன்டி-ஸ்டேட்டிக்' கைப்பட்டையை நம்பி காசை விடாதீங்க. மின்னூட்டம் வெளியேற ஒரு பாதை வேணும். வயரே இல்லைன்னா அது எங்கே போகும்?

இது ஸ்டேட்டிக்தானா?

இங்கேதான் கவனம் தேவை. கடலோர ஊர்களில் வருஷத்தின் பெரும்பகுதி காற்றில் ஈரம் அதிகம். அங்கே ஃபிரிட்ஜோ வாஷிங் மெஷினோ ஷாக் அடித்தால், "ஸ்டேட்டிக்கா இருக்கும்"னு கடந்து போகாதீங்க.

ஸ்டேட்டிக் ஒரே ஒரு குத்து. உடனே மறுபடி தொட்டால் ஒண்ணும் இருக்காது. கரன்ட் கசிவு அப்படி இல்லை. தொடும்போதெல்லாம் ஜிவ்வுனு இழுக்கும். வெறுங்கால், ஈரத் தரைன்னா இன்னும் கூடும். இதில் ஏதாவது ஒண்ணு தோணினாலும் திரும்பத் தொட்டுப் பார்த்து டெஸ்ட் பண்ண வேண்டாம். காய்ந்த கையோடு, காலில் செருப்போடு ஸ்விட்சை அணைங்க. சுவரே ஷாக் அடிச்சா மெயினையே அணைங்க. அடுத்த போன் எலெக்ட்ரீஷியனுக்கு.

மெட்டல் உடம்பு லேப்டாப் சார்ஜில் இருக்கும்போது லேசாக ஜிவ்வுங்குதா? பல நேரம் அது ரெண்டு பின் சார்ஜர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு. ஒரிஜினல் சார்ஜரை, எர்த் உள்ள மூணு பின் பிளக்கோடு பயன்படுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். கூடினால் சர்வீஸுக்குக் கொடுத்துடுங்க.

வாடகை வீடா? இதைக் கேளுங்க

அட்வான்ஸ் கொடுக்கும் முன் தண்ணி வருதா, பார்க்கிங் இருக்கான்னு கேட்கிறோம். எர்த் இருக்கான்னு கேட்கிறோமா? சாக்கெட்டில் மூணாவது துளை இருப்பதாலேயே உள்ளே எர்த் வயர் இருக்குன்னு அர்த்தம் இல்லை. பிளக்கின் பெரிய பின்னை உடைத்து ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதும் அதே ஆபத்துதான்.

மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கான்னும் பாருங்க. சாதாரண எம்.சி.பி, வயரைத்தான் காப்பாற்றும். கரன்ட் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் சப்ளையைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பிதான். அதில் உள்ள 'டெஸ்ட்' பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்துங்க. சப்ளை கட் ஆகலைன்னா, அது சும்மா பேருக்குத்தான் இருக்கு.

கதவு ஒருமுறை சுளீர்னா சிரிச்சுட்டுப் போகலாம். ஃபிரிட்ஜ் ஒருமுறை ஜிவ்வுன்னா, ரெண்டாவது முறைக்குக் காத்திருக்காதீங்க!