வலையிலிருந்து பந்தை எடுப்பவர்

ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் எங்கள் பெரியப்பாவை வீட்டில் தேட வேண்டாம். கிள்ளானில் அவர் வழக்கமாகப் போகும் மாமாக் கடையில், மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசையில் இருப்பார். எதிரே அவருடைய இரண்டு கூட்டாளிகள். மூவருக்கும் எழுபது வயதை ஒட்டி இருக்கும். மூன்று தே தாரேக், ஒன்றில் சீனி குறைவு. மூவரும் செலாங்கூர் ரசிகர்கள்.

பேச்சு இன்றைய ஆட்டத்தில்தான் தொடங்கும். ஆனால், பத்து நிமிடம் தாண்டுவதற்குள் 1970களுக்குப் போய்விடும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார். செலாங்கூருக்குப் பதில் பேராக், பினாங்கு என்பார். சிங்கப்பூர்க்காரர் என்றால் காலாங் அரங்கத்தின் ஆரவாரத்தைப் பற்றிப் பேசுவார். அணிதான் மாறும். பேச்சு முடிகிற இடம் ஒன்றுதான்: “அந்த மாதிரி ஆளுங்க இனிமே பொறக்க மாட்டாங்க.”

போன மாதம் ஒரு ஞாயிறு, என் அக்காள் மகனையும் அங்கே அழைத்துப் போனேன். வயது பன்னிரண்டு. பள்ளி அணியின் கோல் காவலர். முதல் நாள் ஆட்டத்தில் நான்கு கோல்களை விட்டிருந்தான். அதில் ஒன்று கால்களுக்கு நடுவே உருண்டு போனதாம். இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அக்காள் சொன்னதால்தான், ஒரு ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாவது மனத்தை மாற்றலாம் என்று கூட்டிப் போனேன்.

அங்கே போனால் அன்றைய பேச்சு ஆறுமுகத்தைப் பற்றி!

ஆர். ஆறுமுகத்தை இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். செலாங்கூருக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலராக நின்றவர். நீண்ட கைகள். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் ‘ஸ்பைடர்மேன்’. அவர் காலத்தில் முன்னால் கோல் அடிக்க மொக்தார் டஹாரி, தற்காப்பில் சந்தோக் சிங், தேசிய அணி என்று வந்தால் சோ சின் ஆன். 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு வயது 35தான். மூன்று ஆண்டுகள் கழித்து மொக்தாரும் நோயினால் போய்விட்டார். அவருக்கு 37.

பெரியப்பா கையை அகல விரித்து, ஆறுமுகம் ஒரு பந்தைப் பிடித்த விதத்தைக் காட்டினார். தே தாரேக் கொஞ்சம் சிந்தியது.

“வலது கை இல்லப்பா, இடது கை” என்றார் முதல் கூட்டாளி.

“நீங்க ரெண்டு பேரும் சொல்றது வேற வேற ஆட்டம்” என்றார் இரண்டாமவர்.

அரை மணி நேரம் வாக்குவாதம். அந்தப் பிடி எந்த ஆட்டத்தில், எந்தக் கையில் என்று கடைசி வரைக்கும் முடிவாகவில்லை.

பையன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். மொக்தாரைப் பற்றி நிறைய வந்தது. தேசிய அணிக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள். 1975-இல் மெர்டேக்கா அரங்கத்தில் ஆர்சனலை செலாங்கூர் 2-0 என்று தோற்கடித்தபோது இரண்டையும் அவரே அடித்தார். எல்லாம் எண்ணாக இருக்கிறது. ஆறுமுகம் எத்தனை பந்துகளைப் பிடித்தார் என்று தேடினான். கிடைக்கவில்லை. அடித்த கோலை எழுதி வைக்கும் உலகம், அடிக்க விடாத கோலை எழுதி வைப்பதில்லை. அது அன்று அரங்கத்தில் இருந்தவர்களின் கண்ணில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கண்களுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது.

“இப்ப இருக்கிற கீப்பருங்க பந்தைப் பார்த்தாலே பயப்படறானுங்க” என்றார் முதல் கூட்டாளி. பையன் முகம் இன்னும் கீழே போனது.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் உண்டு. இதே வயதில் நானும் கையுறை மாட்டியவன்தான். ஒரு தோல்விக்குப் பிறகு, இதே போன்ற ஒரு மேசையில், இதே போன்ற ஒரு பேச்சைக் கேட்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ‘அந்த மாதிரி ஆள் இனிமே பொறக்க மாட்டான்’ என்றுதான் சொன்னார்கள். சரி, பிறக்கப் போவதில்லை என்றால் நான் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வாரம் கையுறையை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பையன் கேட்டான்.

“தாத்தா, ஆறுமுகம் எத்தனை கோல் விட்டாரு?”

மேசை அமைதியானது. கோயிலில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டது போல இரு கூட்டாளிகளும் பார்த்தார்கள். பெரியப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தே தாரேக்கை ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியைப் பையன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“1980, ஏப்ரல் ஆறாம் தேதி. மெர்டேக்கா அரங்கம். தென்கொரியாவோட ஆட்டம். ஜெயிச்சா மாஸ்கோ ஒலிம்பிக். நான் அங்க இருந்தேன். நின்ன இடத்துலேர்ந்து காலை நகர்த்த முடியல, அவ்வளவு கூட்டம். கோல் கணக்கு என்ன தெரியுமா?”

“ரெண்டுக்கு ஒண்ணு. நாம ஜெயிச்சோம்.” பையன் அதைத் தேடி எடுத்துவிட்டான்.

“அந்த ஒண்ணு எங்கே போச்சு? நம்ம வலைக்குள்ளதானே போச்சு? அன்னிக்குக் கோல்ல நின்னது ஆறுமுகம்தான். நாட்டுக்கே பெரிய நாள். அன்னிக்கும் ஒண்ணு உள்ள போச்சு. கோல் போனா கீப்பர் என்ன பண்ணணும்? வலையிலேர்ந்து பந்தை எடுத்துக் கொடுத்துட்டு, அடுத்த பந்துக்கு நிக்கணும். அவர் நின்னதாலதான் கடைசியில ஜேம்ஸ் வோங் அடிச்ச கோலுக்கு மதிப்பு வந்துச்சு.”

“அப்புறம் ஒலிம்பிக்ல என்ன ஆச்சு?”

“போகல.”

சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. மலேசியாவும் அதில் ஒன்று. வென்று தகுதி பெற்ற அணி வீட்டிலேயே இருந்தது. அதே 1980-இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் செலாங்கூர் 1-2 என்று சிங்கப்பூரிடம் தோற்றது. வெற்றி கோலை அடித்த பாண்டி அகமதுவுக்கு அப்போது வயது பதினேழு. பெரியப்பா இதையும் சொன்னார். இந்தத் தோல்வியை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெற்றிகளை மட்டும்தான் சொல்லி வந்திருக்கிறார்!

அதற்குப் பிறகு மேசையின் பேச்சே மாறிவிட்டது. ஆளுக்கு ஒரு தோல்வியைச் சொன்னார்கள். கே. ராஜகோபால் பேச்சு வந்தது. அவரும் பழைய செலாங்கூர் ஆட்டக்காரர்தான். 2010-இல் அவர் பயிற்சியாளராக இருந்தபோது, சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே மலேசியா இந்தோனேசியாவிடம் 1-5 என்று அடி வாங்கியது. அதே மாதக் கடைசியில், அதே இந்தோனேசியாவை இரண்டு இறுதியாட்டங்களில் மொத்தம் 4-2 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது. “அஞ்சு கோல் வாங்கின அன்னிக்கு ராத்திரி நான் டிவியை அடைச்சிட்டேன்” என்று முதல் கூட்டாளி ஒப்புக்கொண்டார். பையன் சிரித்தான். ரொட்டியையும் முழுவதுமாகச் சாப்பிட்டான்.

பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவது வீண் பேச்சு என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத் திடல்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் பந்து உதைத்த தலைமுறை அது. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகள். திடல் இருந்த இடம் அங்கே வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும். 1994-இல் திறந்த ஷா ஆலம் அரங்கத்தைக்கூட இடித்தாகிவிட்டது. இடம் போன பிறகு மிஞ்சுவது பேச்சுதான். ஆறுமுகம், மொக்தார், சந்தோக், சோ சின் ஆன் என்று நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் பாசத்தோடு சொல்லும் பெரியவர்களிடமிருந்து நம் பிள்ளைகள் கற்க நிறைய இருக்கிறது.

ஆனால், பேசும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். வெற்றியை மட்டும் சொன்னால் அந்த ஆட்டக்காரர் சாமியாகிவிடுவார். சாமியைக் கும்பிடத்தான் முடியும், அவர் நின்ற இடத்தில் போய் நிற்க எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. அவர் விட்ட கோலையும் சேர்த்துச் சொன்னால் அவர் மனிதராகி, பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். மறைந்தவருக்கு இதனால் மரியாதை குறையாது.

இன்னொன்று. வீட்டில் பழைய படங்கள், நாளிதழ்த் துணுக்குகள், ஆட்டச் சீட்டுகள் இருந்தால் இந்த வாரமே எடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் பெயர், ஆண்டு, அரங்கம் எழுதச் சொல்லுங்கள். வலது கையா இடது கையா என்று சண்டை போட ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

பையன் கதைக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை அவன் அணி மறுபடியும் தோற்றது, 1-2. இந்த முறை பெரியப்பா திடலுக்கு வந்திருந்தார். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 நோட்டுப் புத்தகம் ஒன்று கையில். கோலுக்குப் பின்னால், வெயிலில், மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்டம் முழுக்க என்னவோ குறித்துக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் பையன் தலையைக் குனிந்தபடி வந்தான். “ரெண்டு விட்டுட்டேன் தாத்தா.”

பெரியப்பா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். தேதி, எதிரணியின் பெயர், வரிசையாகப் பேனாக் கோடுகள். கீழே அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இரண்டு வரி:

விட்டது 2. பிடித்தது 9.