சிரிப்பு மட்டும் போதுமா?

2022 செப்டம்பரில் பெங்களூர்ச் சுவர்களில் காங்கிரஸ் ஒட்டிய சுவரொட்டி நினைவிருக்கும். முதல்வர் பொம்மையின் முகம். இங்கே 40 சதவீதம் ஏற்கப்படும் என்ற கேலி. சுவரில் பார்த்தவர்கள் கொஞ்சம். வாட்ஸ்அப்பில் பார்த்துச் சிரித்தவர்கள் ஏராளம். 2023 மே தேர்தலில் காங்கிரஸ் 135 இடங்களைப் பிடித்தது.

2024 ஜூனில் வால்மீகி கழகப் பண முறைகேட்டில் காங்கிரஸ் அமைச்சர் நாகேந்திரா பதவி விலகினார். அன்று கேலிப்படம் அனுப்பியவர் மௌனமானார். மௌனமாக இருந்தவர் அனுப்பத் தொடங்கினார். கோபம் ஊழல்மீதா, கட்சிமீதா?

ஆனேக்கல் வட்டாரத் தொழிற்சாலைகளில் உழைக்கும் நம்மவர்க்கு அமைச்சர்கள் தூரம். சான்றிதழுக்காக நிற்கும் ஜன்னலே பக்கம். 2011ஆம் ஆண்டின் சகாலா சட்டப்படி, குறித்த நாளில் வேலை முடியாவிட்டால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். 2018 முதல் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தண்டனை இல்லை. புகாரை வாங்க லோகாயுக்தா இருக்கிறது.

பத்துப் பேருக்குப் படம் அனுப்பும் கை, ஒரு புகார் எழுத நடுங்குவானேன்? வெளியூர்க்காரன் என்ற அச்சம்தான். சட்டம் சொந்த ஊரைக் கேட்பதில்லை. விண்ணப்ப எண்ணைத்தான் கேட்கிறது. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்!