எண்ணெய்க் கழிவுக்குக் கணக்கு வேண்டும்

மாத்தளை நகரிலும் தம்புள்ளையிலும் உணவகங்களும் விடுதிகளும் வர்த்தகக் கட்டடங்களும் பெருகிவருகின்றன. ஆனால் சமையலறைக் கழுவுதொட்டியின் கீழே போகும் குழாயைப் பற்றி, அது அடைத்துக்கொள்ளும் நாளில்தான் பலருக்கு நினைவு வருகிறது. இந்த அலட்சியத்தை உள்ளூராட்சி மன்றங்கள் இனியும் அனுமதிக்கக்கூடாது.

சூடாக ஊற்றப்படும் எண்ணெய் குழாய்க்குள் ஆறிப் படிகிறது. சோற்றுப் பருக்கையும் மாவும் அதில் ஒட்ட, நீர்வழி குறுகுகிறது. லண்டன் வைட்சாப்பல் சாக்கடையில் 2017இல் இவ்வாறு இறுகிய கொழுப்புத் திரள் 250 மீற்றர் நீளமும் சுமார் 130 தொன் எடையும் கொண்டிருந்தது.

இங்கு கட்டடங்கள் பெரும்பாலும் மலக்குழியையும் உறிஞ்சு குழியையுமே நம்பியுள்ளன. எண்ணெய் சேர்ந்தால் மண்ணின் நுண்துளைகள் அடைபட்டு, குழி நீரை உறிஞ்சாது. பிறகு கழிவுநீரை வீதியோர வடிகானுக்குத் திருப்பிவிடுவதே சுலபமான வழியாகத் தோன்றும். மாத்தளை நகரூடாக ஓடும் சுது கங்கை, அம்பன் கங்கையோடு சேர்ந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அந்த நீரில்தான் கலாவெவ, எலஹெர பக்கத்து வயல்கள் விளைகின்றன. நகரத்துக் கழிவைக் கீழ்ப்புறத்து விவசாயி சுமப்பது நியாயமல்ல.

பரிகாரம் எளிது. கழுவுதொட்டிக்கும் குழிக்கும் இடையே அமைக்கும் கிரீஸ் ட்ராப், எண்ணெயை மிதக்கவும் மண்டியைப் படியவும் விட்டு, இடையிலுள்ள நீரை மட்டும் வெளியே அனுப்பும். மிதப்பதும் படிந்ததும் சேர்ந்து தொட்டியின் ஆழத்தில் காற்பங்கை எட்டுமுன் அள்ளிவிட வேண்டும். கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் சற்றுத் தள்ளிப்போய் உறையும், அவ்வளவுதான். அமிலமோ மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும்.

எனவே வியாபார அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க வருவோரிடம் ட்ராப் துப்புரவுப் பதிவேட்டை மன்றங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சமையலறையோடு நின்றுவிடாமல் ட்ராப்பின் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும்.

சிறிய சாப்பாட்டுக்கடைக்கு இது சுமை என்பார்கள். அந்தக் கவலை உண்மையானது. ஆகவே ட்ராப் அமைக்க அவர்களுக்குக் கால அவகாசம் தரலாம்; நியாயமான கட்டணத்தில், முறை வைத்துக் கழிவை எடுத்துச் செல்லும் பவுசர் சேவையை மன்றங்களே நடத்தலாம். ஆனால் அடைப்பெடுக்க எந்தத் தொழிலாளியையும் குழிக்குள் இறக்கக்கூடாது. அங்கே தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும்.

குழாயைத் துப்புரவாக வைத்திருப்பது கட்டட உரிமையாளரின் கடமை. அதைச் செய்யவைப்பது மன்றத்தின் கடமை. அடுத்த அனுமதிப்பத்திரப் புதுப்பிப்பிலேயே இதைத் தொடங்க வேண்டும்.