சுதேசிக்கும் பரதேசிக்கும் எத்தனை சட்டம்?



பரதேசி என்ற சொல்லை நாம் வீட்டில் வசவாகத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் தமிழ் வேதாகமத்தில் அது வசவு அல்ல. நியாயப்பிரமாணம் பெயர் சொல்லிப் பாதுகாத்த ஒரு மனிதனை அது குறிக்கிறது. பஞ்சத்தினாலோ யுத்தத்தினாலோ பிழைப்புக்காகவோ தன் ஊரை விட்டு வந்து இஸ்ரவேலரின் நடுவே குடியிருந்தவன் பரதேசி. அந்த மண்ணிலேயே பிறந்து, கோத்திரமும் காணியும் உடையவன் சுதேசி. எபிரெயத்தில் பரதேசிக்கு ‘கேர்’ என்று பெயர். கேர் ஹோமில் வேலை செய்கிறவர்கள் நிறைந்த நம் சபைகளுக்கு இந்தச் சொல் எளிதில் மறக்காது.

இந்த இருவரையும் பற்றி இப்போது பேசக் காரணம் உண்டு. “நாங்கள் அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டு வந்தோம். இப்போது வருகிறவர்கள் விசாவை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள்” என்ற பேச்சு ஆராதனைக்குப் பின் தேநீர் குடிக்கும் இடத்தில் கூடிவருகிறது. வாலிபர் கூட்டத்தில், புதிதாக வந்த ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறினால் ‘ஃப்ரெஷி’ என்று சிரிக்கிறவர்களும் உண்டு. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எங்களுக்கு இது கேட்கக் கசக்கிறது. ஒரே இரவு ஷிப்டில் இங்கே பிறந்தவரும் விசாவில் வந்தவரும் சேர்ந்துதான் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறோம். வேலை ஒன்று, பொறுப்பு ஒன்று. ஆனால் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் இருவருக்கும் வேறு வேறு சட்டம்.

வேதம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பஸ்கா பண்டிகையின் ஒழுங்கைக் கொடுக்கும்போதே, சுதேசிக்கும் நடுவே தங்கும் பரதேசிக்கும் பிரமாணம் ஒன்றே என்று கர்த்தர் சொல்லிவிடுகிறார் (யாத்திராகமம் 12:49). பலிகளின் விஷயத்தில் அதே வார்த்தை மீண்டும் வருகிறது (எண்ணாகமம் 15:15-16). நியாயாதிபதிகளுக்கு மோசே கொடுத்த கட்டளையிலும் பரதேசியின் வழக்கு சகோதரனின் வழக்கோடு சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது (உபாகமம் 1:16). லேவியராகமம் 24இல் இதே வார்த்தை வரும் இடம் கடினமானது. தாய் இஸ்ரவேல் ஸ்திரீ, தகப்பன் எகிப்தியன். அப்படிப்பட்ட ஒருவன் தேவநாமத்தைத் தூஷித்த வழக்கு அது. தண்டனையிலும் இருவருக்கும் ஒரே அளவு என்று அங்கே தீர்ப்பு வருகிறது. ஆகவே ‘ஒரே பிரமாணம்’ என்பது சலுகை அல்ல. உரிமையும் கடமையும் அதில் சேர்ந்தே வருகின்றன.

பரதேசிக்கு ஒரு பெரிய குறை இருந்தது. தேசம் கோத்திரம் கோத்திரமாகப் பங்கிடப்பட்டது. கைமாறிய காணியும் யூபிலி வருஷத்தில் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். எனவே பரதேசி பிறர் வயலில் கூலிக்கு உழைத்தே பிழைக்க வேண்டும். அதனால்தான் அவனுடைய கூலியை அன்றைக்கே, பொழுது சாயுமுன் கொடுத்துவிடச் சொன்னது நியாயப்பிரமாணம் (உபாகமம் 24:14-15). வயலின் ஓரத்தை அறுக்காமல் விடவும், மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதிருக்கவும் சொன்னது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில் காணியில்லாத லேவியனோடும் திக்கற்றவனோடும் விதவையோடும் பரதேசியையும் சேர்த்தது (உபாகமம் 14:28-29). ஓய்வுநாள் இளைப்பாறுதலும் அவனுக்கு உண்டு (யாத்திராகமம் 23:12). நிலத்துக்காரனுடைய மனது அன்றைக்கு எப்படியிருக்கிறது என்பதைப் பொறுத்து இவை கொடுக்கப்படவில்லை. சட்டமாகவே எழுதப்பட்டிருந்தன.

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நியாயப்பிரமாணம் எல்லாவற்றிலும் எல்லாரையும் சமமாக வைக்கவில்லை. வந்து போகும் அந்நியனிடம் வட்டி வாங்கலாம் (உபாகமம் 23:20). அந்நியன் ராஜாவாக முடியாது (17:15). பஸ்காவைப் புசிக்க விரும்பும் பரதேசி விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டும். பரதேசிகளின் பிள்ளைகளை அடிமையாக வாங்கலாம் என்ற பகுதியும் லேவியராகமம் 25இல் இருக்கிறது. அதை வாசிக்கும்போது மனம் வலிக்கத்தான் செய்கிறது. ‘பரதேசி என்றால் மதம் மாறி யூதனானவன் மட்டுமே, எனவே இந்தக் கட்டளைகள் மற்றவர்களுக்குப் பொருந்தாது’ என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தானாய்ச் செத்ததை இஸ்ரவேலன் புசிக்கக்கூடாது, பரதேசிக்குக் கொடுக்கலாம் என்று உபாகமம் 14:21 சொல்கிறது. அவன் முழு யூதனாகிவிட்டிருந்தால் இந்த வித்தியாசத்துக்கு இடமேது?

ஒரு தேசம் வருஷத்துக்கு எத்தனை பேருக்கு விசா கொடுக்க வேண்டும் என்று மோசேயின் ஐந்து புத்தகங்களில் எங்கேயும் இல்லை. அந்தக் கேள்வியில் விசுவாசிகள் ஆளுக்கொரு கருத்தோடு ஓட்டுப் போடலாம். ஆனால் வந்து குடியிருக்கிறவனை எப்படி நடத்துவது என்ற கேள்வியில் வேதம் நமக்கு அவ்வளவு சுதந்திரம் தரவில்லை.

இதை லண்டன் தமிழர் சொந்த அனுபவத்தில் அறிவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நம் ஜனங்கள் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்தார்கள். 1987 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரை ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்ப முயன்றபோது, அவர்கள் ஆடைகளைக் களைந்து நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அதே வருஷம், சரியான ஆவணம் இல்லாத பயணி ஒருவருக்கு 1,000 பவுண்டு வீதம் விமான நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. டிசம்பரில் சிவகுமாரன் என்பவர் பெயரால் அறியப்பட்ட வழக்கில் பிரபுக்கள் சபை தமிழருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1988இல் அவர்கள் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் அங்கே மறுபடியும் துன்புறுத்தப்பட்டார்கள். அன்றிருந்த சட்டப்படி, வெளியேறிய பிறகே அவர்கள் மேல்முறையீடு செய்ய முடிந்தது. அந்த மேல்முறையீட்டில் அவர்கள் பக்கம் தீர்ப்பாகி, 1989இல் ஐந்து பேர் லண்டனுக்குத் திரும்பினார்கள். பிரிட்டன் மனித உரிமை ஒப்பந்தத்தை மீறவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1991இல் சொன்னது உண்மை. ஆனாலும் 1993இல் வந்த சட்டம், அடைக்கலம் கேட்பவர் இந்நாட்டில் இருந்தபடியே மேல்முறையீடு செய்ய வழி திறந்தது.

எண்ணாகமம் 35ஐ இதோடு சேர்த்து வாசியுங்கள். கைப்பிசகாய்க் கொலை செய்து ஓடிவந்தவன் சபைக்கு முன்பாக நின்று நியாயம் விசாரிக்கப்படுமுன் சாகக்கூடாது என்பதற்காக ஆறு அடைக்கலப்பட்டணங்கள் ஏற்படுத்தப்பட்டன. அவை இஸ்ரவேலருக்கும் பரதேசிக்கும் பொது என்று 15ஆம் வசனம் சொல்கிறது. முதலில் விசாரணை, பிறகுதான் முடிவு. நம் அப்பா அம்மா தலைமுறை ஹீத்ரோவில் கேட்டதும் இதைத்தான்.

இன்றைக்கு அந்த வரிசையில் நிற்பது வேறு ஆட்கள். வேலை விசாவில் வரும் பெரும்பாலானோரின் விசாவில் ‘பொது நிதி இல்லை’ என்ற நிபந்தனை இருக்கிறது. மாதந்தோறும் வரி கட்டுவார்கள், நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டுவார்கள். ஆனால் வேலை போனாலோ வீட்டுக்காரர் இறந்தாலோ யுனிவர்சல் கிரெடிட், குழந்தைக்கான உதவித்தொகை, கவுன்சில் வீடு என்று எதையும் கேட்க முடியாது. வேலை கொடுத்த நிறுவனம் உரிமத்தை இழந்தால், வழக்கமாக 60 நாட்களுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். இந்தப் பயத்தினால் எத்தனையோ பேர் குறைந்த கூலியையும் நீண்ட ஷிப்டையும் வாய் திறக்காமல் சகிக்கிறார்கள். 2024 மார்ச் 11 முதல் புதிதாக வரும் கேர் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பதே நின்றது. நிரந்தரக் குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஐந்து வருஷத்தைப் பொதுவாகப் பத்தாக்க வேண்டும் என்று 2025 மே மாத அரசு வெள்ளை அறிக்கை முன்மொழிந்தது.

2020இல் கொரோனா நாட்களில் வியாழக்கிழமை தோறும் தெருவில் நின்று எங்களுக்குக் கை தட்டினார்கள். அந்த மே மாதம்தான், சுகாதாரப் பணியாளர்கள் விசாவோடு கட்ட வேண்டியிருந்த என்.எச்.எஸ். கூடுதல் கட்டணத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கு நன்றி. ஆனால் எங்களில் ஒருவர் பயன்படுகிறார் என்பதற்காக மட்டும் நியாயம் கிடைத்தால், பயன்படாத நாளில் அது போய்விடும். சாலொமோன் ஆலயம் கட்டும்போது தேசத்திலிருந்த பரதேசிகளை எல்லாம் எண்ணிக் கணக்கெடுத்தான். 1,53,600 பேர். அத்தனை பேரையும் சுமை சுமக்கவும் கல் வெட்டவும் மேற்பார்வைக்கும் பிரித்துவிட்டான் (2 நாளாகமம் 2:17-18). நியாயப்பிரமாணம் இவர்களைக் கூலியும் ஓய்வும் பெற வேண்டியவர்களாகப் பார்த்தது. ராஜாவின் கணக்கில் அவர்கள் வேலையாட்களின் எண்ணிக்கை மட்டுமே.

அரசாங்கத்தை நாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் பரதேசியைப் பற்றிய கட்டளைகள் முதலில் பேசியது வயல்காரனோடும் வீட்டுக்காரனோடும்தான். எகிப்தில் நீங்கள் பரதேசிகளாய் இருந்தீர்களே என்று கர்த்தர் திரும்பத் திரும்ப நினைப்பூட்டுவது, கானானில் சுதேசிகளாகப் போகிற ஜனத்துக்கு. லண்டனில் இன்று வீடும் கடையும் பாஸ்போர்ட்டும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

எனவே நம் கைக்கெட்டும் காரியங்களிலிருந்து தொடங்குவோம். நம் குடும்பங்களில் கடையோ உணவகமோ கேர் ஏஜென்சியோ நடத்துகிறவர்கள் இருந்தால், அங்கே வேலை செய்கிறவருக்குச் சட்டப்படியான கூலி முழுமையாகப் போகிறதா என்று வீட்டிலேயே மரியாதையாகக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் அது 21 வயதானவருக்கு மணிக்கு 12.21 பவுண்டாக உயர்ந்தது. ஸ்பான்சர் கடிதத்துக்குப் பணம் கேட்கிறவர் எவ்வளவு வேண்டியவரானாலும், அவருக்குத் துணை போகாதீர்கள். அடிமை தன் எஜமானிடமிருந்து தப்பி வந்தால் அவனைத் திரும்ப ஒப்புக்கொடுக்காமல், அவன் விரும்பிய ஊரில் குடியிருக்க விடச் சொன்னது நியாயப்பிரமாணம் (உபாகமம் 23:15-16). ஏமாற்றப்பட்ட ஒருவர் நம்மிடம் வந்தால் பழைய முதலாளியிடம் சமாதானம் பேசி அனுப்பிவைக்காமல், தகுந்த உதவியிடம் கூட்டிப்போவோம். விசா ஆலோசனையைச் சபை மண்டபத்தில் நாமே சொல்லவும் கூடாது. பதிவு பெறாதவர் அதைச் சொல்வது இந்நாட்டில் குற்றம். பதிவு பெற்ற ஆலோசகரிடமே போக வேண்டும்.

இன்னொன்று, எங்கள் வேலை சார்ந்தது. இங்கிலாந்தில் யாரும் குடும்ப டாக்டரிடம் இலவசமாகப் பதிவு செய்யலாம். விசா நிலையையோ முகவரிச் சான்றையோ காட்டக் கட்டாயம் இல்லை. இது தெரியாமல் சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் மறைத்து, கடைசியில் ஆம்புலன்சில் வருகிறவர்களைப் பார்க்கிறோம். படிவம் நிரப்பிக் கொடுக்கவும், ரிசப்ஷனில் கூடப்போய் நிற்கவும் ஒரு பதினெட்டு வயதுத் தம்பியால் முடியும்.

போவாஸின் வயலைப் பாருங்கள். ரூத் தன்னைப் பரதேசி என்றுகூடச் சொல்லவில்லை. அதிலும் தூரமான ‘அந்நிய தேசத்தாள்’ என்றே சொல்கிறாள். போவாஸ் அதை வைத்து அவளை எடை போடவில்லை. அவளைத் தொடக்கூடாது, வெட்கப்படுத்தவும் கூடாது என்று வேலைக்காரருக்குக் கட்டளையிட்டான். சாப்பாட்டு வேளையில் அறுக்கிறவர்களின் அருகே உட்கார வைத்தான். நம் சபையிலும் அப்படி நடக்கட்டும். புதிதாக வந்த அக்காவைப் பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிடாமல் வேதம் வாசிக்கவும், ஓய்வுநாள் பாடசாலையில் கற்பிக்கவும், கமிட்டியில் உட்காரவும் கேளுங்கள். எசேக்கியேல் 47இல் கர்த்தர் பரதேசிக்குக் கோத்திரங்களின் நடுவே காணியாட்சியே கொடுக்கச் சொல்கிறார். நம்மிடம் கேட்பது ஒரு நாற்காலி.

இதைச் செய்ய நம் வீடுகளுக்கும் சபைகளுக்கும் கர்த்தர் கிருபை தருவாராக.