கேசட்டுக்கே முதலிடம்

ஒரு ராக் பாடகரின் ஆல்பங்களை வரிசைப்படுத்துவது ரசிகர்களுக்குப் பொழுதுபோக்கு. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் விஷயத்தில் அதில் கொஞ்சம் அரசியலும் கலந்துவிடுகிறது.

1988ல் அம்னஸ்டியின் மனித உரிமைக் கச்சேரிக்காக தில்லிக்கும் வந்து பாடிய இந்த நியூ ஜெர்சிக்காரர், 1973 முதல் 2022 வரை வெளியிட்ட ஸ்டூடியோ ஆல்பங்கள் 21. கடைசி இடத்துக்கு அதிகம் சண்டையில்லை. ஈ ஸ்ட்ரீட் குழுவைக் கலைத்த பின் 1992ல் வந்த 'ஹ்யூமன் டச்' அங்கே வசதியாக உட்கார்ந்துகொள்ளும். சண்டை முதலிடத்துக்குத்தான்.

விற்பனைதான் அளவுகோல் என்றால் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' (1984). அதன் ஏழு பாடல்கள் அமெரிக்காவின் முதல் பத்துக்குள் நுழைந்தன. தலைப்புப் பாடலில் இருப்பது, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலைபவனின் கசப்பு. ஆனால் டிரம்ஸ் முழக்கத்தில் பலருக்கு அது தேசபக்திப் பாட்டாகவே கேட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் தேர்தல் பிரசாரத்துக்காக நியூ ஜெர்சி வந்த ஜனாதிபதி ரீகன், ஸ்ப்ரிங்ஸ்டீன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்தார். சில நாட்களில் பிட்ஸ்பர்க் மேடையிலிருந்து பதில் வந்தது. ஜனாதிபதிக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்த பாடகர், 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்றார். உடனே அதிலிருந்தே, கார் தொழிற்சாலை மூடப்பட்டு வேலையிழந்து கொலைகாரனாகும் ஒருவனின் பாடலைப் பாடினார்.

முதலிடம் அந்த 'நெப்ராஸ்கா'வுக்கே (1982). குழுவினருக்குப் போட்டுக் காட்டுவதற்காக, வாடகை வீட்டுப் படுக்கையறையில் நான்கு டிராக் கேசட் ரிக்கார்டரில் தனியாகப் பாடிப் பதிவு செய்தவை இந்தப் பாடல்கள். டப்பாகூட இல்லாமல் அந்த கேசட்டை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தார். ஸ்டூடியோவில் குழுவோடு மீண்டும் பதிவு செய்து பார்த்தும் திருப்தி இல்லை. கடைசியில் கேசட்டே ஆல்பமானது.

வேடிக்கை என்னவென்றால், 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' பாடலும் அதே வீட்டில், அதே ரிக்கார்டரில், வெறும் கிட்டாரோடு பதிவானதுதான். 1998ல் வெளிவந்த அந்த வடிவத்தைக் கேட்டால் எந்தப் பிரசார மேடைக்கும் அது உதவாது என்பது புரியும். 'நெப்ராஸ்கா'வுக்காகக் குழுவோடு செய்த பதிவுகளும் 2025ல் வெளிவந்துவிட்டன. கேசட் ஏன் வென்றது என்பதை இனி ரசிகர்களே கேட்டுத் தீர்மானிக்கலாம்.